பேப்பர் செய்தியிலேயே உலகத் தொற்றை மோப்பம் பிடித்தவர்: ஃப்ளூ ஊசியும் மாரிஸ் ஹில்மேனும்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் ஆர்.கே.பேட்டையில் விசைத்தறிச் சத்தத்தோடு இருமல் சத்தமும் சேர்ந்துகொள்ளும். விடியற்காலையில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகும் கம்பெனி பஸ்ஸில் சாரலுக்குப் பயந்து ஜன்னலையெல்லாம் மூடியிருப்பார்கள். உள்ளே யாராவது ஒருவர் தும்மினால் போதும், வாரக் கடைசிக்குள் அதே ஷிஃப்டில் பத்துப் பேர் லீவு கேட்டு நிற்பார்கள். மாவட்டத்தின் இன்னொரு மூலையில், கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் இதே கதைதான்.

இந்த சீசனை ஒட்டித்தான் சில கம்பெனிகளில் இன்ஃப்ளூயன்சா தடுப்பூசி முகாம் என்று ஒரு மெயில் வரும். பார்த்தவுடன் பலருக்கும் தோன்றும் கேள்வி ஒன்றே. போலியோ சொட்டு மருந்து, தட்டம்மை ஊசி எல்லாம் சின்ன வயதோடு முடிந்துவிடுகின்றன. இதை மட்டும் ஏன் வருஷா வருஷம் போட வேண்டும்? ஊசி விற்கிற வியாபாரமா?

வியாபாரம் இல்லாமல் இல்லை. ஆனால் காரணம் அது இல்லை. அந்தக் காரணத்தை முதலில் தெளிவாகப் புரிந்துகொண்டவர்களில் ஒருவர் மாரிஸ் ஹில்மேன். அவர் இறந்து 20 ஆண்டுகள் ஆகிவிட்டன. மருத்துவ உலகத்தில் பெரிய பெயர், வெளியே அந்த அளவுக்குத் தெரியாது. 40-க்கும் மேற்பட்ட தடுப்பூசிகளை உருவாக்கியதில் அவருக்குப் பங்கு உண்டு. அவருடைய வாழ்க்கையின் முக்கியமான அத்தியாயம் ஒன்று நம்ம சென்னைத் துறைமுகத்தையும் தொட்டுக்கொண்டு போகிறது.

கோழிப் பண்ணையில் வளர்ந்தவர்

1919 ஆகஸ்ட் 30. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் மைல்ஸ் சிட்டி என்ற சிற்றூர். உலகத்தையே உலுக்கிய 1918 ஃப்ளூ இன்னும் முழுதாக ஓயாத நேரம். ஹில்மேன் பிறந்தபோது கூடப் பிறந்த இரட்டைச் சகோதரி உயிரோடு இல்லை. இரண்டு நாளில் அம்மாவும் போய்விட்டார். எட்டாவது பிள்ளை. பக்கத்திலேயே இருந்த சித்தப்பா வீட்டில்தான் குழந்தை வளர்ந்தது.

அது விவசாயக் குடும்பம். காய்கறி, பழம், கோழி. விவரம் தெரிந்த நாளிலிருந்து கோழிக்குத் தீனி போடுவதும் முட்டை பொறுக்குவதும் அவர் வேலை. எட்டு வயதில் தொண்டை அடைப்பான் நோய் வந்து சாவின் விளிம்புவரை போய்த் திரும்பினார். அந்தக் காலத்தில் ஏராளமான குழந்தைகளைக் கொண்டுபோன நோய் அது.

பள்ளிப்படிப்பு முடித்தபோது கல்லூரிக்குப் போகும் வசதி வீட்டில் இல்லை. உள்ளூர் ஜவுளிக் கடை ஒன்றில் வேலை. அப்படியே கடை மேனேஜர் ஆகி செட்டில் ஆகியிருக்க வேண்டியவர். அண்ணன் ஒருவர் விடவில்லை, கல்லூரிக்கு விண்ணப்பிக்கச் சொன்னார். உதவித்தொகை கிடைத்தது. 1944-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். பேராசிரியராகப் போவார் என்று எல்லோரும் எதிர்பார்க்க, அவர் மருந்து கம்பெனியில் சேர்ந்தார். கண்டுபிடிப்பு ஆய்வுக்கட்டுரையோடு நிற்காமல் மக்கள் கைக்கு ஊசியாகப் போய்ச் சேர வேண்டுமென்றால் தொழிற்சாலை வேண்டும் என்பது அவர் கணக்கு. பல்கலைக்கழக ஆட்கள் இதைக் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்த்தார்கள்.

வைரஸ் ஏமாற்றும் விதம்

1948-ல் வாஷிங்டனில் உள்ள வால்ட்டர் ரீட் ராணுவ மருத்துவ ஆய்வு நிறுவனத்துக்கு வந்தார். சுவாச நோய்கள் பிரிவு அவர் பொறுப்பு. ராணுவத்துக்கு ஃப்ளூ மேல் ஒரு தனிப் பயம் உண்டு. 1918-ல் போர்க்களத்தில் விழுந்தவர்களுக்கு இணையாக அமெரிக்கச் சிப்பாய்களை ஃப்ளூவும் அதன் பின்னால் வந்த நிமோனியாவும் கொன்றிருந்தன.

ஃப்ளூவுக்கு அப்போதே தடுப்பூசி இருந்தது. தாமஸ் ஃப்ரான்சிஸும், பிற்பாடு போலியோ ஊசியால் புகழ்பெற்ற ஜோனாஸ் சால்க்கும் இரண்டாம் உலகப் போரின்போது அதை உருவாக்கியிருந்தார்கள். நன்றாகவே வேலை செய்தது. ஆனால் 1947-ல் ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஒரே மாதிரி காய்ச்சல் வந்தது. ஊசியில் கோளாறு இல்லை. வைரஸ்தான் மாறியிருந்தது.

எப்படி மாறுகிறது என்பதைப் பல வருஷ மாதிரிகளை அடுக்கிவைத்து ஒப்பிட்டுப் பார்த்தார் ஹில்மேன். ஃப்ளூ வைரஸின் மேல்தோலில் இரண்டு வகைப் புரதங்கள் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று ஹெச், இன்னொன்று என். ஹெச்1என்1, ஹெச்3என்2 என்று செய்திகளில் படிக்கிறோமே, அது இந்த இரண்டின் வகை எண்கள்தான். நம் உடம்பு வைரஸை அடையாளம் காண்பது பெரும்பாலும் இந்த முட்களை வைத்து.

மாற்றம் இரண்டு விதம். முதல் விதம் மெதுவாக நடப்பது. வைரஸ் தன்னைப் பிரதி எடுக்கும்போது சின்னச் சின்னப் பிழைகள் விழுகின்றன. இந்த வருஷம் மீசை, அடுத்த வருஷம் தாடி, அதற்கடுத்த வருஷம் கண்ணாடி. ஆள் அதே ஆள்தான். ஆனால் ஐந்தாறு வருஷத்துக்கு முந்தைய போட்டோவை வைத்துக்கொண்டு வாட்ச்மேன் தேடினால் கோட்டை விட்டுவிடுவார். வருஷா வருஷம் ஊசியைப் புதுப்பிப்பது இதனால்தான். போட்ட ஊசியின் பலனும் சில மாதங்களில் குறையத் தொடங்கிவிடும், அது கூடுதல் காரணம்.

இரண்டாவது விதம் அபூர்வம், ஆனால் பயங்கரம். மனிதர்களிடம் சுற்றும் ஃப்ளூவும் பறவைகளிடம் சுற்றும் ஃப்ளூவும் ஒரே உடம்புக்குள் சந்தித்து மரபணுக்களைக் கலந்துகொண்டால், முற்றிலும் புது ஆள் ஒருவர் கேட்டைத் தாண்டி உள்ளே வந்துவிடுவார். வாட்ச்மேனிடம் போட்டோவே கிடையாது. அப்போதுதான் உலகத் தொற்று வெடிக்கும்.

1957 ஏப்ரலில் ஹில்மேன் முன்னால் வந்து நின்றது அந்த இரண்டாவது வகை.

ஹாங்காங்கில் நீண்ட வரிசை

ஏப்ரல் 17 அன்று நியூயார்க் டைம்ஸில் ஒரு செய்தி. ஹாங்காங்கில் ஃப்ளூ பரவுகிறது, ஆஸ்பத்திரி வாசலில் ஆயிரக்கணக்கானோர் காத்துக் கிடக்கிறார்கள், தாய்மார்களின் முதுகில் கட்டிய குழந்தைகள் கண் செருகிக் கிடக்கின்றன. அன்றைக்கு அந்தச் செய்தியைப் படித்தவர்கள் லட்சக்கணக்கில் இருந்திருப்பார்கள். பக்கத்தைத் திருப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்கள். ஹில்மேன் அந்தக் குழந்தைகளின் கண்ணைப் பற்றிய வரியில் நின்றுவிட்டார். இது வழக்கமான சீசன் காய்ச்சல் இல்லை, உலகத் தொற்று தொடங்கிவிட்டது என்று அவருக்குப் பட்டது.

மறுநாளே ஜப்பானில் இருந்த அமெரிக்க ராணுவ ஆய்வகத்துக்குத் தகவல் போனது. ஹாங்காங் போய் வந்து காய்ச்சலில் கிடந்த கடற்படை வீரர் ஒருவரின் தொண்டையைக் கொப்பளிக்க வைத்து, அந்த நீரை வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். மே 17 அன்று அது கைக்கு வந்தது. அடுத்த சில நாட்கள் ஹில்மேனும் கூட இருந்தவர்களும் தினமும் 14 மணி நேரம் வேலை பார்த்தார்கள். நூற்றுக்கணக்கானவர்களின் ரத்த மாதிரிகளை எடுத்து, இந்த வைரஸுக்கு எதிரான சக்தி யாருக்காவது இருக்கிறதா என்று சோதித்தார்கள். யாருக்கும் இல்லை. எழுபது, எண்பது வயதைத் தொட்ட சில கிழவர்களிடம் மட்டும் இருந்தது. 1889-ல் உலகம் முழுக்கச் சுற்றிய ஃப்ளூவைச் சின்ன வயதில் தாண்டி வந்தவர்கள் அவர்கள். அதாவது கிட்டத்தட்ட மொத்த மனிதகுலத்துக்கும் இது புது வைரஸ். பின்னாளில் இதற்கு ஹெச்2என்2 என்று பெயர்.

சென்னைக்கு வந்த கப்பல்

வாஷிங்டனில் கொப்பளித்த நீர் சோதனைக் குழாய்க்குள் போய்க்கொண்டிருந்த கிட்டத்தட்ட அதே நாட்களில், சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய கப்பல் ஒன்று சென்னைத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. பயணிகள் சிலருக்குக் காய்ச்சல். அதே ஹெச்2என்2. இந்தியாவுக்குள் 1957 ஃப்ளூ நுழைந்த வாசல் சென்னைதான்.

மே 19-லிருந்து அரசு கணக்கெடுப்பு தொடங்குகிறது. 12 வாரத்தில் நாடு முழுக்கப் பரவிவிட்டது. 1958 பிப்ரவரி முதல் வாரம்வரை பதிவான நோயாளிகள் 44 லட்சத்துக்கும் மேல். பதிவான இறப்புகள் சுமார் 1,100. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்த இன்ஃப்ளூயன்சா மையம் இதையெல்லாம் தொகுத்தது. அந்தக் காலத்துப் பதிவு என்பதை மனதில் வைத்துத்தான் இந்த இறப்பு எண்ணைப் படிக்க வேண்டும். வீட்டிலேயே கிடந்து கஷாயம் குடித்துப் பிழைத்தவர்களும், பிழைக்காதவர்களும் எந்த நோட்டில் ஏறியிருப்பார்கள்? (இன்றைய ஆர்.கே.பேட்டைக்காரர்கள் தாத்தா பாட்டியிடம் அந்த வருஷத்தைப் பற்றிக் கேட்டால் ஆந்திரா காலத்துக் கதையாகத்தான் வரும். திருத்தணி, பள்ளிப்பட்டு வட்டாரம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1960 ஏப்ரல் 1-ல்தான்.)

இங்கே ஆகஸ்டுக்குள் நாடு முழுக்கப் பரவி முடித்துவிட்ட வைரஸ், அமெரிக்காவில் அப்போதுதான் மெல்லப் பற்றிக்கொண்டிருந்தது. கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறக்கும் செப்டம்பரில் அங்கே வெடிக்கும் என்று ஹில்மேன் மே மாதமே அறிவித்தார். பல நிபுணர்கள் இதை மிகையான பயமாக நினைத்தார்கள். அவர் காத்திருக்கவில்லை. அரசின் தடுப்பூசித் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவைத் தாண்டி நேரே ஆறு மருந்து கம்பெனிகளுக்கு வைரஸை அனுப்பிவைத்தார். இன்றைக்கு யாராவது இப்படிச் செய்தால் வேலை போய்விடும். அன்றைக்கும் போயிருக்கலாம்.

சேவலை வெட்டாதீர்கள்

இந்த இடத்தில்தான் மொன்டானா கோழிப் பண்ணை கைகொடுத்தது. ஃப்ளூ ஊசி தயாராவது கோழி முட்டையில். கடையில் வாங்கும் முட்டை உதவாது. சேவலோடு சேர்ந்து இட்ட, கரு உள்ள முட்டை வேண்டும். பத்துப் பதினோரு நாள் அடைவைத்த முட்டையின் ஓட்டில் சின்னத் துளை போட்டு வைரஸைச் செலுத்துவார்கள். இரண்டு மூன்று நாளில் கருவைச் சுற்றியுள்ள திரவத்தில் வைரஸ் கோடிக்கணக்கில் பெருகியிருக்கும். அந்தத் திரவத்தை உறிஞ்சி எடுத்து, சுத்தம் செய்து, ஃபார்மலின் போட்டு வைரஸைக் கொன்றுவிட்டால் ஊசி மருந்துக்கான மூலப்பொருள் தயார். தோராயமாக ஒரு ஆளுக்கு ஒரு முட்டை.

பண்ணைகளில் அடைகாக்கும் பருவம் முடிந்ததும் சேவல்களைக் கறிக்கு அனுப்பிவிடுவது வழக்கம். தீனிச் செலவு மிச்சம். சேவல் போய்விட்டால் கரு உள்ள முட்டை கிடையாது, முட்டை இல்லாவிட்டால் ஊசி கிடையாது. இது ஆய்வகத்தில் மட்டுமே வளர்ந்த விஞ்ஞானிக்கு உடனே தோன்றுகிற விஷயம் இல்லை. சேவல்களை வெட்டாமல் வைத்திருக்கும்படி பண்ணையாளர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று ஹில்மேன் முதலிலேயே கம்பெனிகளிடம் கேட்டுக்கொண்டார். தினமும் லட்சக்கணக்கில் முட்டைகள் தொழிற்சாலைகளுக்குப் போயின. ஜூனிலேயே முதல் தொகுதி ஊசி தயார். இலையுதிர்காலத்துக்குள் சுமார் 4 கோடி டோஸ்.

செப்டம்பரில் பள்ளிகள் திறந்தன. அவர் சொன்னபடியே அலை வந்தது.

அத்தனை பேரையும் அந்த ஊசி காப்பாற்றிவிட்டது என்று சில புத்தகங்கள் எழுதுகின்றன. அது கொஞ்சம் கூடுதல். அலை உச்சத்துக்குப் போன அக்டோபரில் இன்னும் பலருக்கு ஊசி கிடைத்திருக்கவில்லை. போட்டுக்கொண்டவர்களிலும் எல்லோருக்கும் அது தடுக்கவில்லை. அமெரிக்காவில் இறந்தவர்கள் 70,000 என்று ஒரு மதிப்பீடு, 1,16,000 என்று இன்னொன்று. உலகம் முழுக்க சுமார் 11 லட்சம். ஆனாலும், ஒரு உலகத் தொற்று வந்து தாக்குவதற்கு முன்பே அதை அடையாளம் கண்டு, அதற்கென்றே ஊசி செய்து, மக்கள் கைக்குக் கொண்டுவந்தது வரலாற்றில் அதுதான் முதல் தடவை. ஒரு உயர் பதவிக்காரர் உத்தரவு போட்டு நடந்த வேலை இல்லை. காலையில் பேப்பர் படித்த ஒருவருக்கு வந்த சந்தேகத்தில் தொடங்கியது. ராணுவம் பிறகு அவருக்குச் சிறப்புச் சேவைப் பதக்கம் கொடுத்தது.

மகளின் தொண்டையிலிருந்து

1957 முடிவில் அவர் மெர்க் நிறுவனத்தில் சேர்ந்தார், கடைசிவரை அங்கேதான். தட்டம்மை, ருபெல்லா, ஹெபடைட்டிஸ் பி, சின்னம்மை என்று பட்டியல் நீளும். கோழிகளுக்கு வரும் மாரெக் நோய்க்கான ஊசியிலும் அவர் பங்கு உண்டு. கோழிகளுக்குப் பட்ட கடனைக் கொஞ்சம் அடைத்தார் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு சம்பவத்தை மட்டும் விட முடியாது. 1963 மார்ச். மனைவி இறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. நள்ளிரவில் ஐந்து வயது மகள் ஜெரில் லின் தொண்டை வலிக்கிறது என்று எழுப்பினாள். கன்னத்துக்குக் கீழே வீக்கம். பொன்னுக்கு வீங்கி. குழந்தையைப் படுக்க வைத்துவிட்டு, ஆய்வகத்துக்குக் காரை ஓட்டிக்கொண்டு போய், பஞ்சுக் குச்சியும் திரவமும் எடுத்துவந்து, மகளின் தொண்டையிலிருந்து மாதிரி எடுத்துப் பத்திரப்படுத்தினார். அந்த வைரஸைக் கோழிக் கருவில் திரும்பத் திரும்ப வளர்த்துப் பலவீனப்படுத்தி உருவானதுதான் 1967-ல் அனுமதி பெற்ற பொன்னுக்கு வீங்கித் தடுப்பூசி. சோதனையின்போது அதைப் போட்டுக்கொண்ட குழந்தைகளில் அவருடைய இளைய மகளும் ஒருத்தி. வைரஸுக்கு இன்றும் மூத்த மகளின் பெயர்தான்.

வீட்டில் எப்படியோ, வேலையிடத்தில் அவர் முரடர். கெட்ட வார்த்தை சரளமாக வரும். சொன்ன வேலையைச் செய்யாதவர்களை விட்டுவைக்க மாட்டார். இப்படிப்பட்ட மேனேஜரிடம் வேலை பார்ப்பது இன்றைய தலைமுறைக்குச் சரிப்பட்டு வராது.

1968-ல் ஹாங்காங்கிலிருந்து மறுபடி ஒரு புது ஃப்ளூ கிளம்பியது. ஹெச்3என்2. அதற்கும் சில மாதங்களிலேயே ஊசி செய்தார்கள். அந்த வைரஸின் வாரிசுகள் இன்னும் நம்மிடையே சுற்றுகின்றன. போன வருஷம் உங்களைப் படுக்க வைத்தது ஒருவேளை அதுவாகவே இருக்கலாம். ஹில்மேன் 2005 ஏப்ரல் 11 அன்று, 85 வயதில், புற்றுநோயால் ஃபிலடெல்ஃபியாவில் இறந்தார்.

இப்போது ஊசி எப்படி முடிவாகிறது?

1957-ல் ஒரு மனிதர் பேப்பர் படித்துச் செய்ததை இன்று ஒரு வலைப்பின்னல் செய்கிறது. உலகம் முழுக்க உள்ள ஆய்வகங்கள் ஃப்ளூ மாதிரிகளைச் சேகரிக்கின்றன. அதை வைத்து உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியில் பூமியின் வடபாதிக்கும், செப்டம்பரில் தென்பாதிக்கும் ஊசியில் எந்தெந்த வைரஸ் இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. முட்டையில் வளர்த்து ஊசி ஆக்க ஆறு மாதம் வேண்டும் என்பதால் இந்த முன்கூட்டிய கணிப்பு. அந்த இடைவெளியில் வைரஸ் மறுபடி வேஷம் மாற்றினால் ஊசியின் பலன் குறையும். சரியாகப் பொருந்திய வருஷங்களில்கூட, டாக்டரிடம் போக வேண்டிய அளவுக்கு ஃப்ளூ வரும் வாய்ப்பை 40 முதல் 60 சதவீதம்வரைதான் குறைக்கிறது. கேட்கக் குறைவாகத் தோன்றும். ஊசி போட்டும் காய்ச்சல் வந்தவர்களுக்கு அது நிமோனியாவாக முற்றி ஐசியூ போகும் அபாயம் குறைகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் இது அரசின் கட்டாயத் தடுப்பூசிப் பட்டியலில் இல்லை. ஆகவே முடிவு உங்கள் கையில். நன்றாக இருக்கிற 28 வயதுக்காரர் போடாவிட்டால் பெரும்பாலும் ஐந்து நாள் லீவோடு தப்பிவிடுவார். ஆனால் அவர் கம்பெனி பஸ்ஸிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோகும் வைரஸ் அங்கே சர்க்கரை நோயுள்ள அப்பாவையோ, கர்ப்பமாக இருக்கும் மனைவியையோ, ஆஸ்துமா உள்ள பாட்டியையோ, கைக்குழந்தையையோ பிடித்தால் கதை வேறு. இவர்களுக்குத்தான் ஊசி முதலில் தேவை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு ஊசி போட முடியாது. அம்மா கர்ப்பத்தில் போட்டுக்கொண்டால் பிறந்த குழந்தைக்கும் சில மாதம் பாதுகாப்பு போய்ச் சேரும்.

வட இந்தியாவிலிருந்து நமக்கு ஒரு முக்கிய வித்தியாசம் உண்டு. அங்கே பல இடங்களில் ஃப்ளூ தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் உச்சத்துக்குப் போகும். சென்னை, வேலூர் பக்கம் வடகிழக்குப் பருவமழையோடு, அக்டோபரை ஒட்டி. போட்டபின் பாதுகாப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும் என்பதால் மழை தொடங்குவதற்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது. மருந்துப் பெட்டியின் மேல் எந்த ஆண்டுக்கான கலவை என்று அச்சிட்டிருப்பார்கள். ஊசி போடுவதற்கு முன் அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். போன வருஷத்து ஸ்டாக் என்றால் வேண்டாம். முட்டை ஒவ்வாமை இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஊசிக்குள் இருப்பது செத்த வைரஸின் துண்டுகள், ஆகவே அதிலிருந்து ஃப்ளூ வராது. கை வலியும் ஒரு நாள் உடம்பு அலுப்பும் வரலாம். சாதாரண ஜலதோஷத்துக்கும் இந்த ஊசிக்கும் சம்பந்தம் இல்லை, ஆகவே ஊசி போட்டும் மூக்கு ஒழுகினால் அதைத் திட்ட வேண்டாம்.

தன் கடைசிக் காலத்தில் ஹில்மேன் ஒரு கணக்கைக் குறித்துவைத்தார். ஹெச்2 வகை 1889-லும் 1957-லும் வந்தது. இடைவெளி 68 ஆண்டுகள். அந்தக் கணக்கைத் தொடர்ந்தால் வருவது 2025. இரண்டே நிகழ்வுகளை வைத்து விதி எழுத முடியாது, வைரஸ் காலண்டர் பார்த்துக் கிளம்புவதும் இல்லை. ஆனால் கணக்கின் இன்னொரு பாதியை மறுக்க முடியாது. ஹெச்2என்2 மனிதர்களிடமிருந்து 1968-ல் மறைந்துவிட்டது, பறவைகளிடம் ஹெச்2 வகை இன்னும் இருக்கிறது. 1957-ல் வாஷிங்டனில் சோதித்த ரத்தத்தில் சில முதியவர்களைத் தவிர யாருக்கும் எதிர்ப்பு சக்தி இருக்கவில்லை. இன்று கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறவர்களில் 1968-க்கு முன்னால் பிறந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?